மூன்று இலக்கம், இரண்டு நட்சத்திரம்

பத்து வாரம்.
உதவித்தொகை உண்டு, விடுதியில் கட்டில் உண்டு,
கழுத்தில் தொங்க ஓர் அட்டையும் உண்டு.
அட்டையில் ஜெருஷா பிக்கன்ஸின் பெயரில்
ஓர் எழுத்தை விழுங்கியிருந்தார்கள்.
திருத்திக் கேட்கவில்லை அவள்.
கேட்டால், ஆள் மாறிவிட்டது, ஊருக்குப் போ என்பார்களோ என்று
முதல் வாரம் முழுக்கப் பயம்.

மெம்ஃபிஸில் ஜூன்.
வெளியே தார் இளகுகிறது. உள்ளே
ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு செல்களுக்குச் சோறூட்டுகிறார்கள்,
இளஞ்சிவப்புத் திரவம், முப்பத்தேழு டிகிரி,
பச்சைப்பிள்ளைக்குப் பார்ப்பதுபோல் பக்குவம்.
எவளோ ஒருத்தியின் மார்பில் பிறந்து
அவளுக்குப் பிறகும் பெருகிக்கொண்டிருப்பவை.

இரண்டாம் வாரம் அவள் தட்டில் பூஞ்சை பூத்தது.
“தும்மினாயா?” என்றான் பக்கத்து மேசை வேலன்,
கென்டக்கிச் சுரங்க ஊர்க்காரன்
(உள்ளபடி அவன் வேய்லன்; அவன் அட்டையிலும் பிழை).
“மூச்சே விடவில்லை” என்றாள்.
உண்மைதான்.

அதன்பிறகு கணினி முன் உட்காரவைத்தார்கள்.
பதினோராயிரத்துச் சொச்சம் பெண்கள், வரி வரியாக.
பெயர் இல்லை. பிறந்த தேதி இல்லை.
அஞ்சல் எண்ணில் முன் மூன்று இலக்கம்,
பின் இரண்டுக்கு நட்சத்திரம்.
அடையாளம் தெரியக் கூடாதாம்.

தெரிந்தது.
பள்ளி விண்ணப்பம், நூலகச் சீட்டு, இந்தப் பத்து வாரத்துக்கான படிவம்
எல்லாவற்றிலும் அவள் கை எழுதிய மூன்று இலக்கம்.
முந்நூற்றுப் பன்னிரண்டு பேர்,
பத்தோடு பதினொன்றாய் உள்ளே கிடந்தார்கள்.
நான்காம் நிலை. மூன்றாம் நிலை. நான்காம் நிலை. நான்காம் நிலை.
எங்கோ ஒரு முதல் நிலை,
கண்ணை மூடிக் குறித்த விடை சரியாகிவிட்டதுபோல.
தாமதத்தின் காரணம் என்ற கட்டத்தில்
‘தெரியவில்லை.’

“எனக்குத் தெரியும்” என்றாள் திரையிடம்.

மார்புப் படம் எடுக்கும் வண்டி ஆண்டுக்கு இரண்டு முறை வரும்,
மலிவுக் கடை வாசலில் நிற்கும்.
மழை என்றால் வராது.
மூன்று மணிக்குக் கதவைச் சாத்திக் கிளம்பும்.
கெளுத்தி மீன் ஆலையில் சங்கு ஊதுவது
மூன்றரைக்கு.

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைக்குப்
புள்ளியியலில் வேறொரு பெயர் உண்டு.
அதைச் சொன்னார் ஹால்வர்சன், அன்பாகத்தான்.
“இது நீ அறிந்தது. நாம் அளந்தது எங்கே?”

அளந்தாள்.
ஆலைக்கு ஒரு கடிதம். ஷிஃப்ட் நேரம், மூன்று ஆண்டுக்கு.
வண்டி அலுவலகத்துக்கு ஐந்து அழைப்பு,
ஒன்றில் நாற்பத்தோரு நிமிடம் வயலின் மட்டும் கேட்டாள்.
அட்டவணையில் புதிதாய் ஒரு பத்தி திறந்து
மைலும் மணியும் நிரப்பினாள்.
ஆனால் அந்த மூன்று இலக்கத்துக்குள் முப்பது ஊர் இருந்தது.
எந்த ஊர்க்காரி எவள் என்பது
இரண்டு நட்சத்திரத்துக்கு அடியில்.
விடை கோட்டைத் தொட வந்து
ஒரு மயிரிழையில் நின்றுவிட்டது.

சுவரொட்டி நாள்.
கடன் வாங்கிய கோட்டு, தோளில் அகலம்.
“ஆர்வமூட்டுகிறது” என்றார் நடுவர்,
தட்டிலிருந்து ஒரு திராட்சையைப் பிய்த்தபடி.
பரிசு வேய்லனுடைய எலிகளுக்குப் போனது.
அவள் கைதட்டினாள். வலிக்கும்வரை.

ஊர்ப் பேருந்துக்குக் காத்திருக்கையில் அழைப்பு வந்தது,
வண்டி அலுவலகத்துப் பெண், பெயர் லொரெட்டாவாம்.
“நேரம் கேட்ட டாக்டர் நீங்கள்தானே?”
“டாக்டர் இல்லை. படிக்கிறேன்.
பத்து வாரத்துக்கு வந்தேன், இன்று முடிந்தது.”
காகிதம் புரளும் ஓசை.
“பதினாறு வருஷமாக இந்த நாற்காலி.
மூன்று மணி ஏன் என்று யாரும் கேட்டதில்லை.
எனக்கும் தெரியவில்லை, பாருங்கள்.”
பிறகு, இன்னும் தாழ்ந்த குரலில்:
“அக்டோபருக்கு ஐந்தரை என்று போட்டிருக்கிறேன்.
பென்சிலில்தான்.
மேலே ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும்.”

பேருந்து வந்தது.
அட்டையைத் திருப்பிக் கொடுக்க மறந்துபோயிருந்தாள்.
கழற்றாமலேயே ஏறினாள்.